சத்தம் குறைத்த கை

என் அருமை அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் அடங்கியிருக்கும் கபருஸ்தானுக்குள் வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசப் பெண்களுக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். சரி, அப்படியானால் எழுதுகிறேன். எழுதி, நம் மைக் செட் கடைக்குப் புதிதாகப் போட்ட தகரக் கதவில் பசை தடவி ஒட்டப் போகிறேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் படிக்கட்டும், டீ குடிக்க வருகிறவர்கள் படிக்கட்டும். உங்களைப் பற்றி இந்த ஊர் காதோடு காதாகப் பேசியது போதும்.

எழுதுவது உங்கள் மூத்த மகள் ஜமீலாதான். "இவ வாயில ஒரு கொழாயக் கட்டிவுட்டா பாப்பிரெட்டிப்பட்டி வரைக்கும் கேக்கும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பீர்களே, அந்த ஜமீலா.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா நன்றாக இருக்கிறார். உங்கள் டீ டம்ளரை யாரையும் தொடவிடுவதில்லை. கடையில் இருந்ததெல்லாம் எரிந்துபோனது உங்களுக்குத் தெரியாது. தீர்த்தமலைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வாடகைக்குப் போயிருந்த இரண்டு குழாய் ஸ்பீக்கர்களும் ஓர் ஆம்ப்ளிஃபயரும் மட்டும் தப்பின. அவற்றை வைத்துத்தான் இப்போது மைக் செட் ஓடுகிறது. ஓட்டுவது நான்.

ஆமாம், நான்தான். பொம்பளைப் பிள்ளை மைக் செட் போடுவதா என்று நம் தெருவிலேயே முகம் சுளித்தார்கள். சின்ன வயதிலிருந்து உங்களுக்கு ஒயர் எடுத்துக் கொடுத்தவள், பிளக்கில் பியூஸ் கட்டியவள் யார் என்று கேட்டேன். உங்கள் மருமகன் லாரியில் பெங்களூர் போய் வந்த களைப்போடு, "அவங்க அத்தா தொழில அவ பாக்கறா, உங்களுக்கு என்னாங்க?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். நல்ல மனிதரைத்தான் பார்த்துக் கட்டி வைத்திருக்கிறீர்கள்.

இந்தக் கதவைப் படிக்கிற வெளியூர் ஆட்களுக்குத் தலையும் வாலும் புரிய வேண்டும். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகைக்கு எப்போதும் நம் செட்டுதான். கோயில் தர்மகர்த்தா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொண்டுவந்து அழைப்பார். நீங்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வீர்கள். கம்பத்தில் ஏறிக் குழாய் கட்ட முனியப்பன் மாமா வருவார். குச்சிக்கிழங்குக் காட்டு வேலையைப் போட்டுவிட்டு அவர் ஓடி வருவது கூலிக்கு இல்லை. உங்களை 'மச்சான்' என்று கூப்பிடுவதற்காகவே வருவார். நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் கேலி பேசினால் தெருவே நின்று கேட்கும்.

கரக ஊர்வலம் பள்ளிவாசல் தெருவுக்குள் நுழையும்போது அசர் என்கிற மாலைத் தொழுகைக்கு நேரமாகிவிடும். தெருமுனை அரிசி மில் வந்ததும், வண்டியில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் திருகைப் பிடித்துச் சத்தத்தைக் குறைப்பீர்கள். மேளக்காரர்களும் கையைத் தாழ்த்திக்கொள்வார்கள். பள்ளிவாசலுக்கு அப்பால் இருக்கிற வேப்பமரம் தாண்டியதும் மறுபடி ஏற்றுவீர்கள். நடுவில் அந்தக் கொஞ்ச தூரத்தில், பாங்கு சொல்கிற மோதினார் பள்ளிவாசல் வாசலில் நின்று ஊர்வலத்தில் வருகிறவர்களுக்கு நன்னாரி சர்பத் கொடுப்பார். "அம்மனுக்கும் செத்த நேரம் காது ஓயட்டுமே" என்பீர்கள். யாரும் போட்ட சட்டம் இல்லை அது. உங்கள் கைப்பழக்கம், ஊர்ப்பழக்கமாக ஆகியிருந்தது.

உங்களுக்குக் கடைசியாக ஆன அந்த ஆடிக்கு வெற்றிலை வரவில்லை. "நம்ம சாமிக்கு நம்ம ஆளுங்க செட்டு" என்று இளவட்டங்கள் கிளம்பி, சேலத்திலிருந்து பெரிய பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். முன்னால் நின்றவன் குமரேசன், கடலை மில்காரர் மகன். முனியப்பன் மாமாவுக்கு அக்கா மகன். மாமாவின் மகளை அவனுக்குத்தான் கட்டுவது என்று எப்போதோ பேசி வைத்த மாப்பிள்ளை. நான் பொரிந்து தள்ளினேன். நீங்கள், "பொடுசுங்க ஆசப்படுதுங்க, வுடு கண்ணு" என்று தொழுகைக்குக் கிளம்பிப் போனீர்கள்.

நான் நம் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஊர்வலம் அரிசி மில்லைத் தாண்டியது. சத்தம் குறையவில்லை. பள்ளிவாசல் படியில் நின்ற நீங்கள் சிரித்துக்கொண்டே இறங்கி, கூட்டத்தை விலக்கி, டிராக்டர் டிரெய்லரில் ஏறி, அந்த வேற்றாள் செட்டின் திருகில் கை வைத்தீர்கள். அது உங்கள் செட் இல்லை என்பதே உங்களுக்கு நினைவில் இருந்திருக்காது அத்தா. அரிசி மில் வந்தால் கை தானாகப் போகும், அவ்வளவுதான். சண்டைக்குப் போகிறவன் அப்படிச் சிரித்துக்கொண்டா ஏறுவான்?

"காதரு, எறங்குடா" என்று கத்தி உங்களை இழுத்தார்கள். குமரேசன் கையில், குழாய் கட்டுகிற இரும்புப் பைப் மேலே போவதைப் பார்த்தேன். அதற்குள் கூட்டம் மூடிக்கொண்டது. டிரெய்லரை ஒட்டி, உங்களுக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றவர் முனியப்பன் மாமா ஒருவர்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்க்காமல் போனது ஒருவகையில் நல்லது. பொழுது சாய்வதற்குள் நம் தெருவில் கடைகள் எரிந்தன. மறுநாள் நம்மாட்கள் சிலர் போய், இதில் சம்பந்தமே இல்லாத ஒரு குடியானவரின் வைக்கோல் போருக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் தீ வைத்துவிட்டு வந்தார்கள். கறவை மாடு கட்டுத்தறியிலேயே வெந்தது. இதையும் இந்தக் கதவில்தான் எழுதுகிறேன். அவர்களையும் போலீஸில் ஒப்படையுங்கள் என்று பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லியிடம் போய்ச் சொன்னேன். நம் தெருவிலும் என்னோடு பேசாதவர்கள் உண்டாகிவிட்டார்கள். உங்கள் பேரைச் சொல்லி எவனும் எதையும் கொளுத்துவதை நான் ஒத்துக்கொள்ள முடியாது.

பிறகு பள்ளிக்கூடத்தில் சமாதானக் கூட்டம் போட்டார்கள். தாசில்தார் நடுவில் உட்கார்ந்தார். தர்மகர்த்தாவும் முத்தவல்லியும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், போட்டோ எடுத்தார்கள். எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: வெளியூர்க்காரர்கள்.

"நம்மூரு பசங்க செய்வாங்களா பாப்பா? எவனோ வெளியூரான் உள்ள பூந்துட்டான். நீ ஒரு வார்த்த அப்படிச் சொல்லிட்டீன்னா ஊரு நிம்மதியாப் பொழைக்கும்" என்றார் தர்மகர்த்தா.

"எங்க அத்தாவப் பேரச் சொல்லிக் கூப்ட்டுத்தான் இழுத்தாங்க. வெளியூர்க்காரனுக்கு எங்க அத்தா பேரு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டேன்.

தாசில்தார் கூட்டத்தை அதோடு முடித்துவிட்டார். வெளியே வந்ததும் முத்தவல்லி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "நாம இருக்கறது கொஞ்சப் பேரும்மா. இங்கதான் கட வெக்கணும், இங்கதான் புள்ளைங்களப் படிக்க வெக்கணும். கொஞ்சம் அடங்கிப் போ" என்றார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். பயந்தவரிடம் கத்த எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு மட்டும் நிம்மதி வேண்டாமா? அம்மா அந்தத் தெருமுனை மில்லுக்கு அரிசி அரைக்கப் போக வேண்டும். என் பிள்ளைகள் அந்தக் கடலை மில் வாசல் வழியாகத்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். ஆனால் பொய்யை அடியில் போட்டு அதன்மேல் எல்லோரும் கட்டிப்பிடித்து நின்றால், எத்தனை நாள் நிற்க முடியும்? அடுத்த பண்டிகைக்கு இன்னொருவர் கை நீட்டினால், இன்னொரு வெளியூர்க்காரன் வருவானா?

அப்போது எமர்ஜென்சி நினைவுக்கு வந்தது. ஒரு கட்சிக் கூட்டத்துக்கு மைக் கட்டினீர்கள் என்று உங்களைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் வைத்தார்களே, அம்மா என்னை இழுத்துக்கொண்டு வக்கீல் வீட்டுக்கு நடையாய் நடந்தார். "இப்ப எந்தக் கோர்ட்டுலயும் கேக்க வழியில்லம்மா" என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். நீங்கள் முன்பல் இல்லாமல் திரும்பி வந்தீர்கள். என்ன செய்தார்கள் என்று கடைசிவரை சொல்லவில்லை. எலக்‌ஷன் வந்து அந்த ஆட்சி போன அன்று மட்டும் ஒன்று சொன்னீர்கள்: "கேக்க முடியாத காலம் ஒண்ணு வந்துச்சு, போச்சு. இனிமே கேக்காம இருந்தா அது நம்ம மேலதான் தப்பு."

கேட்பது என்று முடிவு செய்து, அடித்தவன் என்று குமரேசன் பேரையும், பக்கத்தில் நின்று பார்த்த சாட்சி என்று முனியப்பன் மாமா பேரையும் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். கேஸில் பிடித்த பிடியை விடவில்லை. அது நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த ஆடி வந்தது.

ஒரு நாள் காலையில் தர்மகர்த்தா தாம்பாளத்தோடு நம் கடை வாசலில் வந்து நின்றார். பின்னால் ஊரில் பெரிய மனிதர்கள் நாலைந்து பேர். "இந்த வருசம் நம்ம செட்டுதான் பாப்பா. அப்பா எடத்துல நீ நின்னு செய்யணும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உங்களிடமிருந்து பிடுங்கியதைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். நீங்கள் வாங்குவது போலவே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே தெரிந்தது நான் செய்த கூத்து. முத்தவல்லி வந்து, "நல்ல முடிவு எடுத்தம்மா" என்றார். கடலை மில்காரர் வீட்டிலிருந்து ஒரு பை நிறையக் கடலை வந்தது. பால்காரர்கூடச் சிரித்துக்கொண்டு அளந்தார். நம் பக்கத்தில் பகை தீர்ந்ததற்கு அடையாளமே நாலு பேர் முன்னால் ஒருவர் கையால் மற்றவர் வெற்றிலை பாக்கு வாங்குவதுதானே? அடிதடி, வரப்புச் சண்டை, பங்காளி வழக்கு எல்லாம் அப்படித்தானே முடியும்? நான் மைக் செட்டுக்கு அழைப்பு என்று வாங்கினேன். ஊர் அதைக் கேஸ் முடிந்தது என்று எடுத்துக்கொண்டது. உங்கள் மகளுக்கு வாய் இருக்கிற அளவுக்குப் புத்தி இல்லை என்று அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். எதற்குக் கொடுக்க வேண்டும்? அது உங்களுக்கு வருஷா வருஷம் வந்த வெற்றிலை. கடலைப் பையை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டு, தர்மகர்த்தா வீட்டுக்குப் போனேன். "செட்டு வரும். சாட்சியும் வரும்" என்றேன். சின்னப் பிள்ளை ஏதோ சொல்கிறது என்று சிரித்துவிட்டு, அவர் மாட்டுக்குத் தீனி போடப் போய்விட்டார். நான் சொன்னதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பண்டிகை நடந்தது அத்தா. குழாய்களைக் கழுவித் துடைத்துக் கட்டினேன். முனியப்பன் மாமா வழக்கம்போலக் கம்பத்தில் ஏறினார், ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அரிசி மில் வந்ததும் ஊர்வலம் முழுக்க என் கையைத்தான் பார்த்தது. நான் திருகைக் குறைத்தேன். மேளக்காரர்கள் கையைத் தாழ்த்தினார்கள். மோதினார் சர்பத் கொண்டுவந்து கொடுத்தார். அந்த அமைதியில் எங்கிருந்தோ ஒரு பொம்பளை விம்மி அழுதது கேட்டது. வேப்பமரம் தாண்டியதும் சத்தத்தை ஏற்றினேன். நீங்கள் வைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஏற்றினேன்.

அதற்கப்புறம் ஜில்லாக் கோர்ட்டில் விசாரணை வந்தது.

காலையில் போய் இறங்கினால், கோர்ட் தாழ்வாரத்தில் முனியப்பன் மாமா சலவை வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். குமரேசன் பக்கத்து வக்கீலிடம், தான் அன்றைக்கு வேறு பக்கம் திரும்பி நின்றதாகவும், எதையும் பார்க்கவில்லை என்றும் சொல்வதாக ஒத்துக்கொண்டுவிட்டதை அவரே சொன்னார்.

"ஏன் மாமா?" என்று கேட்டேன்.

"அதான் நீயே வெத்தல வாங்கிட்டியே புள்ள. முடிஞ்சுபோனத நான் ஏன் கெளறணும்? ஆவணி பொறந்தா எம் பொண்ணுக்கும் குமரேசனுக்கும் கண்ணாலம்."

அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகம் இல்லை அது. நிஜமாகவே நம்பியிருந்தார். ஒரு வருஷமாக அவரை அரித்துக்கொண்டிருந்த ஒன்றிலிருந்து என் கைதான் அவரை விடுதலை செய்துவிட்டதாக நினைத்திருந்தார்.

"மாமா, நான் வெத்தல வாங்குனது மாரியாத்தா பண்டிகைக்கு. எங்க அத்தா உசுருக்கு இல்ல. ஊரோட எனக்குச் சண்ட இல்ல. நாளைக்கும் உங்க வூட்டுக் கண்ணாலத்துக்கு வந்து செட்டுக் கட்டுவேன். ஆனா அடிச்சவன் அடிக்கலன்னு ஆவாது. நீங்க உள்ள போயி என்ன சொல்றீங்களோ அது உங்க இஷ்டம். பொய் சொல்றதுன்னா உங்க பேருல சொல்லுங்க. நான் வெத்தல வாங்குனத சாக்கா வெச்சுச் சொல்லாதீங்க. அந்தச் சாக்க நான் தரமாட்டேன்."

தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பார்த்ததை அப்படியே சொன்னேன். அந்தப் பக்கத்து வக்கீல் எழுந்து, "தர்மகர்த்தா கிட்ட வெத்தல பாக்கு வாங்குனீங்களா, இல்லையா?" என்று கேட்டார்.

"வாங்குனேங்க."

"உங்க ஊரு வழக்கத்துல அதுக்கு என்ன அர்த்தம்?"

"மைக் செட்டுக் கட்ட வர்றேன்னு அர்த்தமுங்க."

நீதிபதிகூடக் குனிந்து சிரித்தார். உங்களிடமிருந்து வந்த வாய்தானே, அன்றைக்கு உருப்படியாகப் பயன்பட்டது.

அடுத்து முனியப்பன் மாமா கூண்டில் ஏறினார். நான் பின்பெஞ்சில் உட்கார்ந்து, என் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன். எதிரில் குமரேசன் நின்றான். அவனைப் பெற்ற அக்கா சுவர் ஓரம் நின்றாள். மாமா அந்த அக்காவையே பார்த்தார். யார் அடித்தது என்று கேட்டார்கள்.

"எங்கக்கா மவந்தாங்க" என்றார்.

பார்த்தீர்களா என்று கேட்டார்கள். அதற்கு அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன் அத்தா.

"பாத்தனுங்க. பாத்தத வுட, கேட்டதுதாங்க தூங்க வுடமாட்டேங்குது. அந்தப் பொட்டிங்க போட்ட சத்தத்துல பக்கத்துல இருக்கறவன் பேசறதே கேக்கல. எங்க மச்சான் ஏறி, திருகுல கை வெச்சாரு. சத்தம் கொறஞ்சுது. 'தம்பி, கொஞ்ச தூரந்தான், மரம் தாண்டுனதும் ஏத்திக்கலாம்'னாரு. அப்பத்தாங்க அடி வுழுந்துச்சு. அவரு கொறச்ச சத்தத்துலதாங்க அந்த அடி எனக்குக் கேட்டுச்சு."

உங்கள் கடைசி வார்த்தை என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவனைத் 'தம்பி' என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. இப்போதும் இரண்டும் இருக்கிறது.

மாமா பாடு கஷ்டம்தான். கல்யாணம் நின்றுவிட்டது. அவர் அக்கா வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். பங்காளிகள் யாரும் அவர் காட்டு வேலைக்கு வருவதில்லை. அவர் மகளைப் பார்க்கப் பயந்துகொண்டே போனேன். "எங்கப்பா பொய்யச் சொல்லி என்னக் கட்டிக் குடுத்திருந்தா, அந்த வூட்ல நான் எப்படிக்கா சோறு திம்பேன்?" என்றாள். அவர் கிழங்கு பிடுங்கிய அன்று நம் தெருவிலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் இரண்டு பேர்தான் வந்தார்கள். மதியத்துக்குள் முத்தவல்லியே மண்வெட்டியோடு வந்து நின்றார்.

மாட்டுக் கொட்டகைக்குத் தீ வைத்த நம்மாட்களில் ஒருவன், தானே போய் ஸ்டேஷனில் ஒப்புக்கொண்டான். மாமா கூண்டில் நின்றதைக் கேள்விப்பட்ட பிறகுதான் போனான். ஆக, சமாதானக் கூட்டத்தில் சொன்ன அந்த வெளியூர்க்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. விடுதலை ஆகிவிடுவான் என்று சிலர், உள்ளே போவான் என்று சிலர். எனக்குத் தெரியாது. விட்டுவிட்டால் மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போவேன். கடையை விற்றுவிட்டுத் தர்மபுரி டவுனுக்குப் போய்விடச் சொல்லி உறவுக்காரர்கள் ஆள் மேல் ஆள் விடுகிறார்கள். எதற்குப் போக வேண்டும்? நாம் என்ன தப்பு செய்தோம்? உங்களைப் புதைத்த ஊர் இது, மாமா உண்மை சொன்ன ஊரும் இதுதான்.

மறுபடி ஆடி வருகிறது. இன்று காலை தர்மகர்த்தா தாம்பாளத்தோடு வந்தார். வாங்குவதற்கு முன்னால், அவரோடு வந்த அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரிக் கேட்டேன்: "இது செட்டுக்கா, கேஸுக்கா?" அவர் தலையைக் குனிந்துகொண்டு, "செட்டுக்குத்தான் பாப்பா. கேஸு கோர்ட்டுல இருக்கட்டும்" என்றார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அத்தா, உங்களுக்கு என் வாக்கு இது. ஊர்வலம் வரும்போது, நீங்கள் செய்தது போலவே பள்ளிவாசல் முன்னால் சத்தத்தைக் குறைப்பேன். வேறு எங்கேயும் குறைக்க மாட்டேன்.

உங்கள் வாயையும் தொழிலையும் வாங்கிக்கொண்ட மூத்த மகள்,
ஜமீலா